பாஸ்போஜிப்சம்: அலசினால் மட்டும் பிளாஸ்டர் ஆகிவிடுமா?

முத்துநகர்வாசி
4 ஆகஸ்ட் 2024, காலை

உர ஆலைக் குவியலில் கிடக்கும் பாஸ்போஜிப்சத்தை நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்து, 150 டிகிரியில் வறுத்தால் கடையில் விற்கும் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பொடிக்கு ஈடாக வரும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. அலசிய மாதிரியைத் தண்ணீரில் கலக்கிப் பார்த்தால் பி.எச். (7-க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு கூடுதல்) 6.4. அதையே வறுத்து, குழைத்து, இறுகியபின் நுணுக்கிக் கலக்கினால் 5.1. இறுகுவதற்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சுரங்க ஜிப்சத்தில் செய்த பொடி அதே தண்ணீர் அளவில் கால் மணி நேரத்தில் இறுகிவிடுகிறது. அலசித் தள்ளிய புளிப்பு எங்கிருந்து திரும்ப வந்தது?

உப்பளம்
4 ஆகஸ்ட், இரவு

திரும்ப வரவில்லை அண்ணாச்சி, உள்ளேயேதான் இருந்தது.

பாஸ்பேட் பாறையில் கந்தக அமிலம் விட்டு பாஸ்பாரிக் அமிலம் எடுக்கிறார்கள். மிஞ்சுகிற கால்சியம் சல்பேட்தான் நம் சரக்கு. ஒரு டன் அமிலத்துக்கு (பாஸ்பரஸ் பென்டாக்சைடு கணக்கில்) நாலரை முதல் ஐந்து டன் வரை விழும். அதில் பாஸ்பேட் மூன்று விதமாக ஒளிந்திருக்கிறது.

முதலாவது, படிகத்தின் மேல் ஒட்டிய ஈரத்தில் கரைந்து கிடக்கும் அமிலம். இது அலசினால் போகும். இரண்டாவது, அமிலத்தில் கரையாமல் தப்பிய பாறைத் துணுக்கு. இது கெடுதல் செய்யாது, சும்மா கிடக்கும். மூன்றாவதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். ஜிப்சம் படிகம் வளரும்போது, சல்பேட் உட்கார வேண்டிய இடத்தில் ஹைட்ரஜன் பாஸ்பேட் உட்கார்ந்துவிடுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே மின்னேற்றம்; படிகம் வித்தியாசம் பார்க்காது. கற்கண்டுக்குள் நூல் சிக்கிக்கொண்ட மாதிரி. மேலே எவ்வளவு கழுவினாலும் நூல் வெளியே வராது, கற்கண்டு கரைந்தால்தான் வரும்.

வறுக்கும்போது படிகம் உடைகிறது. பொடியைத் தண்ணீரில் குழைக்கும்போது அது முழுக்கக் கரைந்து புதுப் படிகமாக வளர்கிறது. அந்த நேரத்தில்தான் உள்ளே இருந்த பாஸ்பேட் தண்ணீருக்கு வருகிறது; கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு படிந்து, ஹைட்ரஜனை விட்டுவிடுகிறது. பி.எச். சரிவது அதனால். படிந்த பாஸ்பேட் வளரும் படிகங்களின் முகத்தை அடைத்துக்கொள்வதால் இறுக நேரமாகிறது. படிகம் ஊசியாக நீளாமல் கட்டையும் குட்டையுமாக வளர்கிறது. ஊசிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால்தான் பிளாஸ்டருக்குப் பலம். கட்டைப் படிகம் பின்னாது.

ஆகவே அலசிய சரக்கின் பி.எச். பார்த்து "சுத்தமாகிவிட்டது" என்று முடிவு கட்டக் கூடாது. குழைத்து இறுகியபின் பார்க்கும் பி.எச்.தான் பேசும்.

உப்பளம்
5 ஆகஸ்ட்

அளக்கும் முறையை எழுதாமல் விட்டால் மேலே சொன்னதற்குப் பயன் இல்லை.

கரையும் பாஸ்பேட்: 10 கிராம் சரக்கு, 100 மில்லி தண்ணீர், அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டி, வடிநீரில் மாலிப்டோவனடேட் விட்டு மஞ்சள் நிறத்தை அளக்கணும். பக்கத்தில் உள்ள எந்த மண் பரிசோதனைக் கூடத்திலும் இந்த வேதிப்பொருள் இருக்கும்.

படிகத்துக்குள் இருப்பது: மேலே வடிகட்டியில் தங்கியதை இன்னும் நன்றாகக் கழுவி, 1 கிராம் எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் போட்டு இரவு முழுக்கக் கலக்கியில் விடணும். ஜிப்சம் லிட்டருக்கு சுமார் இரண்டரை கிராம் கரையும், ஆகவே 1 கிராம் முழுசாகக் கரைந்துவிடும். பாறைத் துணுக்கும் மணலும் அடியில் தங்கும். மேல் தண்ணீரில் இப்போது வரும் பாஸ்பேட் படிகத்துக்குள் இருந்தது. அமிலம் விட்டுக் கரைத்தால் பாறைத் துணுக்கும் கரைந்து கணக்கு குழம்பும், அதனால்தான் வெறும் தண்ணீர்.

இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல் இயந்திரம் வாங்கப் போக வேண்டாம்.

கிளிங்கர்
5 ஆகஸ்ட், மாலை

சிமெண்டுக்குப் போகிற சரக்குக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கிளிங்கரோடு (சூளையில் சுட்டெடுத்த சிமெண்ட் உருண்டை) நான்கைந்து சதவீதம் ஜிப்சம் சேர்த்து அரைக்கிறோம், அவ்வளவுதான். அங்கே ஜிப்சம் படிகம் வளர வேண்டிய கட்டாயம் இல்லை. சல்பேட் கொடுத்தால் போதும். கெடுப்பது கரையும் பாஸ்பேட்டும் கரையும் ஃப்ளோரைடும்தான். இரண்டும் கிளிங்கர் மணிகளின் மேல் கரையாத கால்சியம் உப்பாகப் படிந்து தண்ணீரைத் தடுக்கும். இறுகும் நேரம் நீளும், முதல் மூன்று நாள் பலம் குறையும், 28 நாளில் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடும். பலகை பிரிக்கக் காத்திருக்கும் மேஸ்திரிக்கு அந்த மூன்று நாள்தான் முக்கியம். அதற்குச் சுண்ணாம்பு போட்டால் போதும், அலசலே வேண்டாம்.

முத்துநகர்வாசி
5 ஆகஸ்ட், இரவு

சுண்ணாம்பு எவ்வளவு? ஒருவர் அரை சதவீதம் என்கிறார், இன்னொருவர் மூன்று என்கிறார்.

உப்பளம்
6 ஆகஸ்ட்

இரண்டு பேரும் அவரவர் சரக்குக்குச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டே எடுக்கலாம்.

ஒரு டன் உலர் சரக்கில் கரையும் பாஸ்பேட் 0.5 சதவீதம் (பென்டாக்சைடு கணக்கில்) என்றால் 5 கிலோ. 142 கிலோ பென்டாக்சைடை ட்ரைகால்சியம் பாஸ்பேட்டாக மாற்ற 222 கிலோ நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். 5 கிலோவுக்கு 7.8 கிலோ. கரையும் ஃப்ளோரைடு 0.2 சதவீதம் என்றால் 2 கிலோ. 38 கிலோ ஃப்ளோரினுக்கு 74 கிலோ சுண்ணாம்பு, ஆகவே 3.9 கிலோ. மொத்தம் 11.7. இது சுத்தமான சுண்ணாம்புக்கு. சந்தையில் வரும் நீற்றிய சுண்ணாம்பு 75 சதவீதம் தேறினால் 15.6 கிலோ. அதாவது ஒன்றரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கரையும் பாஸ்பேட் பாதியானால் சுண்ணாம்பும் இறங்கும்.

கவனிக்க வேண்டியது: பொடியாகத் தூவிக் கலந்தால் அமிலம் உள்ள கட்டிக்குள் சுண்ணாம்பு போகாது. கட்டியின் மேல் கால்சியம் பாஸ்பேட் தோல் கட்டிக்கொண்டு, உள்ளே புளிப்பு அப்படியே நிற்கும். முதல் நாள் பி.எச். 9 காட்டும், நாலு நாள் கழித்து 6-க்கு இறங்கும். பாலாகக் கரைத்து விட்டு, இரட்டைத் தண்டுக் கலவையில் (பக் மில்) பிசைந்து, குவித்து ஒரு நாளாவது விட்டு, மறுபடி ஒரு தடவை பிசைந்தால் ஓரளவு சமமாகும். ஒரு வாரம் கழித்து எடுக்கும் பி.எச்.தான் நம்பலாம்.

சுண்ணாம்பு பாஸ்பேட்டை வெளியேற்றாது. அது அங்கேயே கரையாத வடிவத்தில் இருக்கும். மொத்த பாஸ்பேட் சோதனையில் எண் மாறவே மாறாது. "சுண்ணாம்பு போட்டும் குறையவில்லையே" என்று பதற வேண்டாம். பார்க்க வேண்டியது கரையும் பகுதியை.

பிளாஸ்டருக்கு என்றால் வறுப்பதற்கு முன் போடும் சுண்ணாம்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி விடுங்கள். குழைக்கும்போது படிகத்தில் இருந்து வெளிவரும் பாஸ்பேட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். அந்த மிச்சம் எவ்வளவு என்பதற்கு நான் மேலே சொன்ன இரண்டாவது அளவு உதவும். கூடிப்போனால் சுவரில் பூசும் வண்ணம் காரத்தில் வெளிறும், ஆகவே அள்ளிப் போடவும் கூடாது.

கிளிங்கர்
6 ஆகஸ்ட்

ஒன்று சேர்க்கணும். சிமெண்டுக்கு அனுப்புவதாக இருந்தால் சல்பேட் எண்ணும் ஈரமும் சேர்த்து அனுப்புங்கள். சுத்த ஜிப்சத்தில் சல்ஃபர் ட்ரையாக்சைடு 46.5 சதவீதம். குவியல் சரக்கில் மணலும் ஈரமும் சேர்ந்து இது இறங்கும். ஈரம் 20 சதவீதம் தாண்டினால் ஹாப்பரில் (சரக்கு கொட்டும் கூம்புத் தொட்டி) அப்பிக்கொண்டு இறங்காது. பெல்ட் ஊட்டி வெறுமையாக ஓடும், சிமெண்டில் சல்பேட் குறைந்து உடனே இறுகிப்போகும். ஆலைக்காரர்கள் பாஸ்போஜிப்சத்தை வேண்டாம் என்பதற்கு வேதியியலைவிட இந்த ஹாப்பர்தான் பெரிய காரணம். சுண்ணாம்போடு பிசைந்து உருண்டையாகப் பிடித்து உலர்த்தினால் இறங்கும்.

முத்துநகர்வாசி
8 ஆகஸ்ட்

எனக்கு பிளாஸ்டர்தான் வேண்டும். அலசத் தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்? இங்கே தாமிரபரணித் தண்ணீரை நம்பித்தான் எல்லாம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது, அதில் முதல் அலசல் அலசிவிட்டு நல்ல தண்ணீரில் முடிக்கலாமா?

உப்பளம்
8 ஆகஸ்ட், இரவு

கடல் தண்ணீர் வேண்டாம். ஜிப்சம் உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிடக் கூடுதலாகக் கரையும், சரக்கு கரைந்து ஓடும். மிஞ்சும் குளோரைடு பிளாஸ்டரில் பூத்து வெள்ளையாகக் கிளம்பும், ஈரத்தை இழுக்கும், ஆணியும் கம்பியும் துருப்பிடிக்கும். அதைக் கழுவ எடுக்கும் நல்ல தண்ணீருக்கு, நேராகவே நல்ல தண்ணீரில் அலசிவிடலாம்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. வடிகட்டி இறக்கிய சரக்கில் ஈரம் 20 சதவீதம் என்று வைப்போம். அதாவது 1000 கிலோ உலர் சரக்கோடு 250 கிலோ அமிலத் தண்ணீர் வரும். அதில் 1000 கிலோ நல்ல தண்ணீர் விட்டுக் கலக்கி, மறுபடி அதே ஈரத்துக்கு வடிகட்டினால், கரைந்த அமிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தங்கும். இன்னொரு தடவை புதுத் தண்ணீர் 1000 கிலோ விட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்கு. மொத்தம் 2000 கிலோ தண்ணீர்.

அதையே எதிரோட்டமாகச் செய்யுங்கள். நல்ல தண்ணீர் இரண்டாவது தொட்டிக்கு மட்டும் வரட்டும். அங்கே வடிந்தது முதல் தொட்டிக்குப் போகட்டும். 1000 கிலோ தண்ணீரே போதும், தங்குவது இருபத்தொன்றில் ஒரு பங்கு. பாதித் தண்ணீரில் ஏறத்தாழ அதே சுத்தம். 0.5 சதவீதக் கரையும் பாஸ்பேட் 0.024-க்கு வந்துவிடும். மூன்றாவது தொட்டி சேர்த்தால் எண்பத்தைந்தில் ஒரு பங்கு. ஆனால் அதற்கு மேல் படிகத்துக்குள் இருப்பதுதான் ஆதிக்கம் செய்யும், மூன்றாவது தொட்டிக்குப் போடும் காசு வீண்.

இந்தக் கணக்கு முழுக்க வடிகட்டியின் ஈரத்தில் நிற்கிறது. ஈரம் 20-க்குப் பதில் 30 ஆனால், எடையில் 430 கிலோ தண்ணீர் தங்கும், எல்லா எண்ணும் கெடும். பெல்ட் வடிகட்டி துணி அடைபட்டு, வெற்றிடம் குறைந்து, துணிமேல் படிந்த சரக்கு அடுக்கு வெடிப்பு விட்டால் காற்று அந்த வெடிப்பு வழியாகவே போகும், ஈரம் இறங்காது. அதைப் பார்க்க ஆள் நிற்கணும்.

உப்பளம்
9 ஆகஸ்ட்

அலசலோடு சல்லடையும் சேர்க்கணும். ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. அவர்கள் கண்ட முக்கியமான விஷயம்: 300 மைக்ரான் சல்லடையில் ஈரமாக வைத்து அலசினால் மேலே தங்கும் 10 முதல் 15 சதவீதத்தில்தான் பாஸ்பேட், ஃப்ளோரைடு, கரிமப் பொருள் எல்லாம் செறிந்திருக்கின்றன. அந்த மேல்பகுதியைத் தள்ளிவிட்டால் மீதி வெகுவாகத் தெளியும். உலர் சல்லடையில் இது நடக்காது, கட்டிகள் உடையாமல் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே மேலே நிற்கும்.

அம்மோனியா நீரில் அலசுவது, சிட்ரிக் அமிலக் கரைசலில் அலசுவது என்று இரண்டு வழியும் பேசுவார்கள். பாஸ்பேட், ஃப்ளோரைடு இரண்டையும் நன்றாக இழுக்கும் என்பது உண்மை. ஆனால் சிட்ரிக் அமிலம் பிளாஸ்டர் இறுகுவதைத் தாமதப்படுத்தத் தனியாகவே விற்கப்படும் சரக்கு. கொஞ்சம் கழுவாமல் தங்கினாலும் உங்கள் பழைய பிரச்சினையே வேறு வழியில் வந்து நிற்கும்.

முத்துநகர்வாசி
9 ஆகஸ்ட்

அலசிய தண்ணீரை என்ன செய்வது? வாய்க்காலில் விட முடியாதே.

உப்பளம்
10 ஆகஸ்ட்

விடவே கூடாது. இதைக் கணக்கில் எடுக்காமல் போடுகிற எந்தத் திட்டமும் ஒரு கழிவை இரண்டாக ஆக்குகிற திட்டம்.

இரண்டு கட்டமாகச் சுண்ணாம்பு போடணும். முதலில் பி.எச். 4 முதல் 5 வரை ஏற்றினால் ஃப்ளோரைடு, கால்சியம் ஃப்ளோரைடாகப் படியும். படிவை எடுத்துவிட்டு, பிறகு 9, 10 வரை ஏற்றினால் பாஸ்பேட் படியும். ஒரே மூச்சில் ஏற்றினால் கூழாகப் படிந்து இரண்டும் சேர்ந்து தொட்டியில் இறங்காமல் மிதக்கும்; வடிகட்டத் துணி போதாது. இரண்டாவது படிவில் பாஸ்பேட் நிறைய இருப்பதால் உர ஆலையே திரும்ப எடுத்துக்கொள்ளப் பேசலாம்.

சல்பேட்டைச் சுண்ணாம்பு இறக்காது. தண்ணீர் ஜிப்சத்தில் பூரிதம் ஆகித்தான் நிற்கும், லிட்டருக்கு ஒன்றரை கிராம் அளவுக்குச் சல்பேட் இருந்தே தீரும். அதனால் சுத்தப்படுத்திய தண்ணீரை வெளியே விடாமல் மறுபடி முதல் அலசலுக்கே சுற்றிவிடணும். ஏற்கெனவே பூரிதமான தண்ணீர் என்பதால் அது ஜிப்சத்தைக் கரைக்கவும் செய்யாது, சரக்கு மிச்சம். குழாயில் ஜிப்சம் பூத்து அடைக்கும், அதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சுத்தியல் போடும்படி நேர்க்குழாயும் கழற்றும் விளிம்பும் வைத்துக் கட்டுங்கள். வளைவுகளைப் புதைக்க வேண்டாம்.

கதிரளவி
11 ஆகஸ்ட்

கதிர்வீசும் ரேடியம் பற்றி யாரும் எழுதவில்லை. வீட்டுச் சுவருக்குப் போகிற சரக்கு என்றால் முதல் பதிவிலேயே வந்திருக்க வேண்டியது.

வண்டல் பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே யுரேனியம் உண்டு. அமிலம் எடுக்கும்போது யுரேனியம் பெரும்பாலும் அமிலத்தோடு போய்விடும். ரேடியம்-226-இல் சுமார் 80 சதவீதம் ஜிப்சத்தோடு நிற்கும். ரேடியம் சல்பேட் கரையாத உப்பு. ஆகவே நீங்கள் எத்தனை தொட்டி வைத்து அலசினாலும் அது போகாது. பாறை எங்கிருந்து வந்தது என்பதுதான் எண்ணைத் தீர்மானிக்கிறது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்துத் தீப்பாறையில் மிகக் குறைவு, ஃபுளோரிடா வண்டல் பாறையில் கிலோவுக்கு ஆயிரம் பெக்கரல் (கதிரியக்க அலகு) வாக்கில் வரும்.

இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கட்டடப் பலகைக்கும் கல்லுக்கும் பயன்படும் பாஸ்போஜிப்சத்தில் ரேடியம்-226 கிராமுக்கு 1 பெக்கரலை, அதாவது கிலோவுக்கு ஆயிரத்தை, தாண்டக் கூடாது என்கிறது. ஐரோப்பியக் கணக்கு வேறு மாதிரி: ரேடியத்தை 300-ஆல், தோரியத்தை 200-ஆல், பொட்டாசியத்தை 3000-ஆல் வகுத்துக் கூட்டி, 1-க்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள். எல்லாம் கிலோவுக்குப் பெக்கரலில். 600 பெக்கரல் ரேடியம் உள்ள சரக்கு அந்தக் கணக்கில் 2 தாண்டும். முழுச் சுவரும் அதிலேயே என்றால் ஆகாது, மெல்லிய பலகைக்கு ஆகும். ஒரு சதுர மீட்டருக்கு மெல்லிய பலகை சுமார் 10 கிலோ, நாலு அங்குல ஜிப்சம் கல் சுவர் 100 கிலோ. அறைக்குள் இருப்பவர் வாங்கும் அளவு பத்து மடங்கு வித்தியாசப்படும்.

உப்பளம்
11 ஆகஸ்ட், இரவு

கதிரளவி சொன்னதோடு என் சல்லடைப் பதிவையும் சேர்த்துப் படிக்கணும். பாஸ்பேட் பெருமணிகளில் செறிகிறது. ரேடியமோ மிக நுண்ணிய மணிகளில்தான் கூடுதலாக இருக்கும். பெருமணியைத் தள்ளி மீதியை எடுக்கும்போது கிலோவுக்கு ரேடியம் கொஞ்சம் ஏறவே செய்யும். ஆகவே ரேடியம் சோதனைக்கு அலசாத சரக்கை அனுப்பி, "கீழேதானே இருக்கிறது" என்று நிம்மதி அடையக் கூடாது. வறுத்த பொடியை அனுப்புங்கள். வறுக்கும்போது எடை குறைவதால் அதிலும் ஒரு ஏற்றம் உண்டு. விற்பனைக்குப் போகும் பொடியின் எண்தான் பேச வேண்டும்.

கதிரளவி
12 ஆகஸ்ட்

சரிதான். அனுப்பும்போது இன்னொன்று: கையில் பிடிக்கும் கதிர்மானி இந்த அளவைக் காட்டாது, அது பின்னணியோடு கலந்துவிடும். காமா நிறமாலை எடுக்கும் ஆய்வகம் வேண்டும். மாதிரியைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து நாலு வாரம் வைத்தபின் எண்ணச் சொல்லுங்கள். ரேடியத்தில் இருந்து வரும் ரேடான் வாயு வெளியே தப்பினால், அதற்கடுத்து வரும் ஈயம்-214, பிஸ்மத்-214 குறைந்து, ரேடியத்தைக் குறைத்துக் காட்டும். அன்றே அளந்து அன்றே தந்த சான்றிதழை வைத்துக்கொண்டு சுவர் எழுப்பாதீர்கள். குவியலில் மாதிரி எடுக்கும்போதும் மேற்பரப்பைச் சுரண்ட வேண்டாம். மழை கழுவிய மேல் அடுக்கு கரையும் பாஸ்பேட்டில் நல்ல பிள்ளையாகத் தெரியும். துளைக்கருவி போட்டு இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் எடுங்கள். பாறை மாறிய வருடங்கள் குவியலில் அடுக்கடுக்காக இருக்கும்.

முத்துநகர்வாசி
14 ஆகஸ்ட்

உலர்த்துவதும் வறுப்பதும் பற்றியும் சொல்லிவிடுங்கள். ஈரம் பார்க்க 105 டிகிரி அடுப்பில் வைத்தேன், 32 சதவீதம் காட்டியது. பார்த்தால் அவ்வளவு ஈரமாகத் தெரியவில்லை.

உப்பளம்
14 ஆகஸ்ட், இரவு

105-இல் வைத்தால் ஒட்டிய ஈரத்தோடு படிக நீரும் கிளம்பிவிடும். ஜிப்சத்தில் எடையில் 20.9 சதவீதம் படிக நீர். ஒட்டிய ஈரத்துக்கு 40 முதல் 45 டிகிரியில் எடை நிலைக்கும்வரை வைக்கணும். பெரிய அளவில் காயவைக்கும்போதும் அதே எச்சரிக்கை. ஈரம் போகாத சரக்கைச் சூடான சட்டியில் போட்டால் வெளிப்பக்கம் பிளாஸ்டர் ஆகி, உள்ளே இருக்கும் ஈரத்திலேயே இறுகி உருண்டையாகும்.

வறுத்தது சரியா என்று எடையே சொல்லும். சுத்தமான 1000 கிலோ உலர் ஜிப்சம் 843 கிலோ பிளாஸ்டராக இறங்கணும். சரக்கின் சுத்தம் 92 சதவீதம் என்றால் இழப்பும் அந்த விகிதத்தில், 157-க்குப் பதில் 144 கிலோ. இழப்பு கம்மி என்றால் வறுக்காத மையம் இருக்கிறது. அந்த மையம் விதையாக நின்று பிளாஸ்டரைக் கையிலேயே இறுக்கிவிடும். இழப்பு கூடுதல் என்றால் நீரற்ற வடிவம் உண்டாகிவிட்டது, தண்ணீர் பட்டதும் சுர்ரென்று இழுக்கும். அது பெரிய குற்றம் இல்லை. இரண்டு மூன்று நாள் காற்றாட வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு தானே சரியான பிளாஸ்டர் நிலைக்கு வரும்.

வறுத்தபின் அரைக்கணும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பாஸ்போஜிப்சம் ஏற்கெனவே பொடிதானே என்பார்கள். அதன் மணிகள் எல்லாம் ஒரே அளவு, தட்டையான சாய்சதுரம். ஒன்றுக்கொன்று இடைவெளியை நிரப்பாது, அதனால் குழைக்கத் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும், தண்ணீர் கூடினால் காய்ந்தபின் ஓட்டை, பலம் குறையும். அரைத்தால் அளவுகள் கலந்து, அதே நெகிழ்வுக்குத் தண்ணீர் இறங்கும்.

சட்டி இரும்பு என்றால் ஃப்ளோரைடு மிச்சத்தைப் பாருங்கள். சூட்டில் ஃப்ளோரைடு ஆவி கிளம்பி இரும்பைத் தின்னும், மூச்சுக்கும் கெடுதல். சுண்ணாம்பு முன்னாலேயே போட்டிருந்தால் அது கால்சியம் ஃப்ளோரைடாகவே கட்டுப்பட்டு நிற்கும். புகைபோக்கிக்குத் தண்ணீர்த் திரை வைக்காமல் வறுக்க வேண்டாம். அங்கே நின்று வேலை பார்ப்பவருக்கு முகத்துணி கட்டினால் மட்டும் போதாது.

கிளிங்கர்
16 ஆகஸ்ட்

சாம்பல் கல் செய்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். அனல்மின் நிலையச் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் சேர்த்துச் செய்யும் கல்லில் அலசாத பாஸ்போஜிப்சமே போடலாம். கலவையில் சுண்ணாம்பு ஏற்கெனவே தாராளமாக இருப்பதால் அமிலம் அங்கேயே கட்டுப்படும். விசாகப்பட்டினத்தில் உருவான ஃபால்-ஜி முறையே இந்த அடிப்படைதான். ஆனால் கலவையில் சிமெண்டும் போட்டுவிட்டு ஜிப்சத்தையும் அள்ளிப் போடக் கூடாது. எட்ரிங்கைட் என்ற சல்பேட் படிகம் பின்னாளில் ஈரத்தில் வளர்ந்து கல்லைப் பிளக்கும். சிமெண்ட் கல்லுக்கு ஜிப்சம் வேண்டியதே இல்லை, சிமெண்டுக்குள்ளேயே இருக்கிறது.

உப்பளம்
16 ஆகஸ்ட்

படிகத்துக்குள் பாஸ்பேட் போகாமலே தடுக்க முடியுமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார். முடியும், ஆனால் அது உங்கள் கையில் இல்லை, அமில ஆலை கையில் இருக்கிறது. கலத்தில் கந்தக அமிலம் கொஞ்சம் தாராளமாக நின்றால் படிகத்துக்குள் பாஸ்பேட் குறையும். ரொம்பவும் கூடினால் பாறைத் துணுக்கின் மேல் ஜிப்சம் தோல் கட்டி, பாறை கரையாமல் வீணாகும். ஆலை இரண்டுக்கும் நடுவில், அமில விளைச்சலைப் பார்த்து ஓட்டுகிறது, நம் பிளாஸ்டரைப் பார்த்து இல்லை. ஜப்பானில் இயற்கை ஜிப்சம் இல்லாத குறையால் அவர்கள் இதை ஆலையிலேயே தீர்த்தார்கள்: முதலில் படிக நீர் குறைந்த அரைநீர் வடிவமாகப் படியவிட்டு, பிறகு குளிரவைத்து முழுநீர் ஜிப்சமாக மறுபடி படிய வைப்பது. மறுபடி படியும்போது சிக்கிய பாஸ்பேட் அமிலத்துக்கே திரும்புகிறது. ஆலைக்கு விளைச்சல், பலகை செய்பவருக்குச் சுத்தமான சரக்கு. இங்கே புதிதாகக் கட்டும் அமில ஆலைகளில் இதைக் கேட்டு வாங்க வேண்டியது உர வாரியங்களும் வீட்டு வசதிக்காரர்களும் சேர்ந்துதான். முடிந்த சரக்கை வாசலில் நின்று அலசுவது எப்போதும் செலவு கூடிய வழி.

கொச்சியில் பாஸ்போஜிப்சத்தை வறுத்துக் கண்ணாடி இழை சேர்த்துப் பெரிய சுவர்ப் பலகை வார்த்தார்கள். 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 124 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே பொந்து பொந்தாக இருக்கும். தேவையான பொந்தில் கம்பியும் கான்கிரீட்டும் போட்டால் சுமை தாங்கும் சுவர். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அந்தப் பலகையிலேயே இரண்டு தள வீடு கட்டிக் காட்டியிருக்கிறார்கள். பாஸ்போஜிப்சம் வீட்டுக்கு ஆகாத சரக்கு இல்லை என்பதற்கு அது போதும்.

முத்துநகர்வாசி
18 ஆகஸ்ட்

அப்படியானால் என் இடத்தில் எதில் தொடங்குவது? எல்லாமே செய்யக் காசு இல்லை.

உப்பளம்
18 ஆகஸ்ட், இரவு

முதல் செலவு ரேடியம் சோதனை. குவியலில் மூன்று ஆழத்தில் எடுத்து, ஈரச் சல்லடையிட்டு வறுத்த பொடியாக, கலக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள். கிராமுக்கு 1 பெக்கரலுக்கு மேல் வந்தால் பிளாஸ்டர் எண்ணத்தை அந்தக் குவியலோடு விடுங்கள். சிமெண்டுக்குள் நாலு சதவீதமாகக் கரைந்து போகிற சரக்காக மட்டும் பாருங்கள்.

கீழே வந்தால் அடுத்தது படிகத்துக்குள் இருக்கும் பாஸ்பேட். அது கரையும் பாஸ்பேட்டைவிடப் பெரிதாக இருந்தால் அலசும் தொட்டிக்குக் காசு போடாதீர்கள், அது உங்களைக் காப்பாற்றாது. ஈரச் சல்லடை, சுண்ணாம்புப் பால், பக் மில், ஒரு வாரம் ஆறப் போடுவது. இதில் செய்த பொடியை வறுத்து அரைத்து இறுகும் நேரம் பாருங்கள். அரை மணிக்குள் வந்தால் பொய்க்கூரைப் பலகைக்குப் போகலாம். கரையும் பாஸ்பேட் பெரிதாக இருந்தால்தான் எதிரோட்டத் தொட்டி இரண்டும் கழிவுநீர்ச் சுற்றும்.

தூத்துக்குடியிலேயே உப்பளத்தில் ஜிப்சம் கிடைக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். பாஸ்பேட்டும் ரேடியமும் கிட்டத்தட்ட இல்லாத சரக்கு, குளோரைடு மட்டும் கழுவணும். உங்கள் பாஸ்போஜிப்சம் பொடியில் பாதிக்குப் பாதி அதைக் கலந்தால் ரேடியமும் பாஸ்பேட்டும் ஒரேயடியாக ஏறத்தாழப் பாதியாகும். ஐ.எஸ். 12679 என்ற இந்தியத் தர நிர்ணயப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். துணைவிளைவு ஜிப்சத்துக்கான வரம்புகள் அதில்தான். கலந்த பொடிக்கு எண் எடுத்து இங்கே போடுங்கள், கரையும் பாஸ்பேட், உள்பாஸ்பேட், இறுகிய பின் பி.எச்., மூன்றும்.

முத்துநகர்வாசி
19 ஆகஸ்ட்

உள்பாஸ்பேட் 0.31 சதவீதம், கரைவது 0.12. தொட்டி வேண்டாம். பக் மில்லுக்கு விலை கேட்கப் போகிறேன். ரேடியத்துக்கு மாதிரி அடைத்தாகிவிட்டது, நாலு வாரம் பொறுக்கணும்.